பிச்சி டீச்சர்

மொழிப் பாடம் நடத்துகிறவர்களுக்கு ஒரு நோய் உண்டு. தமக்குத் தெரிந்த சொல்தான் சொல், மற்றதெல்லாம் பிழை என்று நினைப்பது. எனக்கு அந்த நோய் முற்றியிருந்த காலத்தில் மைக் செட் ஏற்பாடு செய்து, மேலதிகாரி ஒருவரையும் வரவழைத்து, அதை எல்லோருக்கும் காட்டினேன்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. சிறப்புக் கல்வி படித்துவிட்டு, நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தேன். ஒரு பள்ளி வளாகத்தின் ஓரத்து அறைதான் எங்கள் மையம். பதினோரு பிள்ளைகள். ஒருவனுக்குக் காது கேட்காது. இருவருக்குப் பேச்சு வராது. சிலருக்கு எழுத்துகள் தாளில் நிற்காமல் நகரும். இவர்கள் அனைவருக்கும் தமிழ் எழுதப் படிக்கக் கற்றுத்தர வேண்டியது நான். எனக்கு உதவியாக செல்வி அக்கா இருந்தார். பிள்ளைகளைக் கழிவறைக்கு அழைத்துப்போவது, சோறு ஊட்டுவது, என் தவறுகளைச் சகித்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு.

வேங்கிக்காலில் புதிதாகக் கட்டிய வீட்டின் மாடியில் தங்கியிருந்தேன். கீழ் வீட்டுக்காரர்கள் பெங்களூரில். இரண்டு பக்கமும் காலி மனை. வெள்ளிக்கிழமை மாலை பூட்டைத் திறந்து உள்ளே போனால் திங்கட்கிழமை காலை வரை பேச ஆள் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைகளில் பால் பாக்கெட் வாங்கும்போது, அதிலிருக்கும் தேதியைப் படித்துச் சொல்லும்படி கடைக்காரரைக் கேட்பேன். (எனக்குக் கண் நன்றாகத்தான் தெரியும்.) ஒரு பௌர்ணமி அன்று, கூட்டத்தோடு நடந்தாலாவது யாராவது பேசுவார்கள் என்று மலையைச் சுற்றினேன். பதினான்கு கிலோமீட்டரில் என்னிடம் பேசியவர் ஒரே ஒருவர். "கொஞ்சம் ஓரமா நில்லுங்க மேடம், போட்டோல நீங்க வர்றீங்க" என்றார்.

முதல் வாரமே என் நோய் தலைகாட்டியது. படஅட்டைகளை வைத்துப் பிள்ளைகளுக்கு எத்தனை சொற்கள் தெரியும் என்று சோதித்தேன். நிலக்கடலைப் படத்தைக் காட்டினால் "மல்லாட்டை" என்றார்கள். துடைப்பத்தைக் காட்டினால் "தொடப்பம்" என்றார்கள். நான் எதிர்பார்த்தது "வாரியல்". வரிசையாகத் தப்பு போட்டு, 'சொல்வளம் மிகக் குறைவு' என்று பதிவேட்டில் எழுதினேன்.

செல்வி அக்கா எட்டிப் பார்த்தார். "ஏன் டீச்சர், மல்லாட்டைய வேற என்னான்னு சொல்லுவாங்க?"

"கடலை."

"கடலை வேற, மல்லாட்டை வேறங்க. சொல்வளம் கம்மின்னு எழுதியிருக்கீங்களே, அது யாருக்கு? ஒங்களுக்கா?"

கேலி என்றே எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளுக்குத்தான் என்று விளக்கினேன். அக்கா பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

இந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் லாவண்யா. எட்டு வயது. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் சரளா அக்காவின் மகள். லாவண்யாவுக்குப் பேச்சு தாமதமாக வந்தது. அதுவும் ஒன்றிரண்டு சொல்தான். எழுத்து சுத்தமாக வரவில்லை. மூன்று பள்ளிகள் அவளைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டன. ஆனால் காலையில் நான் அறைக்குள் நுழைந்ததும் ஓடிவந்து என் கைப்பையைத் தூக்கி வைப்பாள். அந்த ஊரில் என் வரவுக்காகக் காத்திருந்த ஒரே ஆள் அவள்.

பிள்ளைகள் முதலில் தங்கள் பெயரைப் படிக்கட்டும் என்று முடிவு செய்தேன். சொந்தப் பெயர்கள் நீளமாக இருந்ததால் ஆளுக்கொரு பூவின் பெயரை வைத்தேன். மல்லி, தாமரை, செவ்வந்தி என்று அட்டையில் எழுதி, சட்டையில் குத்தும் பேட்ஜ் ஆக்கினேன். மாலையில் அவற்றைக் கழற்றி மையத்திலேயே வைத்துவிடுவோம். மேலிடத்துக்கு எழுதிய குறிப்பில் இதற்குப் 'பல்புலன் அணுகுமுறை' என்று பெயர் கொடுத்தேன். உண்மை என்னவென்றால், எங்கள் ஊர்ப் பூச்சந்தையின் ஞாபகம் வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அழுதேன். அந்த அழுகையில் பிறந்த அணுகுமுறை அது.

லாவண்யாவுக்கு எனக்கு மிகவும் பிடித்த பூவைக் கொடுத்தேன். பிச்சி.

"பிச்சின்னு ஒரு பூவா?" என்றார் செல்வி அக்கா.

"பின்னே? பிச்சி தெரியாதா உங்களுக்கு?" என்றேன். (யாருக்குச் சொல்வளம் குறைவு பார்த்தீர்களா என்ற தொனியில்.)

நான்கு மாதம் அந்த ஒரு சொல்லோடு போராடினோம். மணலில் எழுதினோம். உப்புத்தாளில் எழுத்தை வெட்டி ஒட்டித் தடவிப் பார்த்தோம். 'ப'வின் தலையில் வருகிற சுழியை லாவண்யா தொப்பி என்று சொன்னாள். தொப்பி போட்ட 'ப' என்றால் 'பி'. தொப்பி போட்ட 'ச' என்றால் 'சி'. ஒரு புதன்கிழமை, நான் வேறு பிள்ளையோடு இருந்தபோது, பின்னாலிருந்து "பி... ச்... சி" என்று குரல் வந்தது. திரும்பினேன். அட்டையில் விரல் வைத்தபடி என்னைப் பார்த்து நின்றாள். அவள் வாழ்க்கையில் படித்த முதல் சொல். அன்று அதைச் சொல்லிக் கொண்டாட எனக்கு ஆள் இல்லை. பால் கடைக்காரரிடம் சொன்னேன். "அப்படிங்களா? அரை லிட்டரா, ஒரு லிட்டரா?" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக மைக் முன்னால் வந்து தங்கள் பேட்ஜைப் படித்தார்கள். "நான் மல்லி." கைதட்டல். காது கேளாத பையன் இரண்டு கைகளையும் விரித்துத் தாமரை செய்து காட்டினான். பலத்த கைதட்டல். மேடம் சிரித்தார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

லாவண்யா மேடையேறியபோதுதான் சரளா அக்கா வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். ஷேர் ஆட்டோ கிடைக்கத் தாமதமாகிவிட்டதாம். முன்னால் வந்த பூக்கள் எதையும் அவர் கேட்கவில்லை.

சட்டையில் குத்தியிருந்த பேட்ஜ் அவளுக்குத் தலைகீழாகத் தெரிந்ததால், லாவண்யா அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு படித்தாள்.

"பி... ச்... சி. நான் பிச்சி!"

கைதட்டல் இல்லை. பின்வரிசையில் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். சத்தம் போதவில்லை போலும் என்று நினைத்தேன்.

"கேக்கல! இன்னும் சத்தமா!" என்று உற்சாகப்படுத்தினேன்.

"நான் பிச்சி! நான் பிச்சி!"

அப்போதும் அமைதி. நானே மைக்கை வாங்கினேன். அன்று நான் பேசியதை இன்றுவரை ஒரு எழுத்துகூட மறக்கவில்லை.

"இந்தப் பேரு லாவண்யாவுக்குத்தான் பொருத்தம்னு நானே யோசிச்சு வச்சேன். எங்க ஊர்ல வீட்டுக்கு வீடு பிச்சி உண்டு. எங்க அம்மா தலையில எப்பவும் பிச்சிதான். சின்ன வயசுலருந்து எனக்கும் பிச்சின்னா உயிரு!"

பின்வரிசை உடைந்து சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

சரளா அக்கா சிரிக்கவில்லை. நேராக மேடைக்கு வந்தார். மகளின் கையிலிருந்த அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"என்னா டீச்சர் எழுதியிருக்கீங்க இதுல?"

"பிச்சிங்க."

"நாங்க வூட்ல தெலுங்கு பேசுறவங்க. பின்னாடி சிரிக்கிறாங்களே, அவங்களும்தான். தெலுங்குல பிச்சின்னா என்னா தெரியுமா? பைத்தியம்." மைக் என் கையில்தான் இருந்தது. அவர் சொன்னது அறை முழுக்கக் கேட்டது. "தெருவுல எல்லாம் எம் பொண்ண அப்படித்தான் கூப்புடுறாங்க. இங்கயாவது கூப்புட மாட்டாங்கன்னுதான் அனுப்புனேன். நீங்க எழுதி, குத்தி, அவ வாயாலயே சொல்ல வெச்சிட்டீங்க."

பூ என்ற இரண்டெழுத்து... இல்லை, ஓரெழுத்து. அந்த ஓரெழுத்தைச் சொல்லியிருந்தால் போதும். வாய் திறந்தபடியே நின்றேன். சரளா அக்கா மகளை இழுத்துக்கொண்டு போனார். "என் பேரு! குடு!" என்று லாவண்யா அட்டைக்காக அலறியது வாசல் தாண்டியும் கேட்டது. மேடம் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார்.

விளக்கம் கேட்டார்கள். ஒரு பூவைப் பற்றி மூன்று பக்கம் எழுதி அனுப்பினேன். 'இனி எண்களைப் பயன்படுத்தவும்' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

லாவண்யா வரவில்லை. திங்கள், செவ்வாய், புதன். என் கைப்பையை நானே தூக்கி வைத்துக்கொண்டேன். மாலைகளில் அறையில் உட்கார்ந்து மன்னிப்பைப் பல விதமாகச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் அம்மா போனில், "என்ன மக்களே, குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். சளி என்றேன். அவள் தலையில் எப்போதும் என்ன இருக்கிறது என்று ஒரு கூட்டத்துக்கே அறிவித்துவிட்டதை எப்படிச் சொல்ல?

சனிக்கிழமை மதியம் கோயிலுக்கு எதிரே பூக்கடைக்குப் போனேன்.

"பிச்சி இருக்கா?"

"என்னாது?" என்றார் பூக்காரம்மா.

"வெள்ளையா, காம்பு நீளமா, மொட்டுல லேசா ரோஸ் கலந்து..."

"ஜாதிமல்லின்னு சொல்லேம்மா! எந்த ஊரும்மா நீ?"

எட்டு மாதத்தில் அந்த ஊரில் என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். அங்கேயே நின்று என் ஊரைப் பற்றிப் பத்து நிமிடம் சொன்னேன். நடுவில் அவர் மூன்று பேருக்குப் பூ விற்றார்.

இரண்டு முழம் வாங்கிக்கொண்டு அடி அண்ணாமலைக்குப் போனேன். கடையில் சரளா அக்கா டீ ஆற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். வந்தவர்கள் எல்லோரும் குடித்துவிட்டுப் போகும்வரை நின்றேன். பிறகு இலைப் பொட்டலத்தை மேசைமேல் பிரித்து வைத்தேன்.

"இதுதாங்க பிச்சி."

"இது ஜாதிமல்லி."

"எங்க ஊர்ல பிச்சின்னு சொல்லுவோம். எனக்குப் பூவுலயே இதுதான் ரொம்பப் பிடிக்கும். பிள்ளைங்கள்ல லாவண்யாவைத்தான்..."

வாரம் முழுக்கப் பயிற்சி எடுத்த மன்னிப்பு அதற்குமேல் வரவில்லை. டீக்கடை வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினேன். சரளா அக்கா ஒரு டம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆறுது, குடிங்க."

குடித்தேன்.

"ஒண்ணு கேக்குறேன், நெசத்த சொல்லுங்க. அன்னிக்கி அவ அத படிச்சாளா? இல்ல நீங்க சொல்லிக் குடுத்து ஒப்பிச்சாளா?"

"படிச்சா."

"ஒரு வாரமா பிஸ்கட் பாக்கெட்ட கைல வெச்சிக்கினு தொப்பி, தொப்பின்னு கத்துறா. கடைக்கு வர்றவங்க கைலருந்துகூடப் புடுங்குறா. பொலம்புறான்னு நெனச்சி ரெண்டு அடிகூட வெச்சிட்டேன்."

உள்ளேயிருந்து லாவண்யாவைக் கூப்பிட்டார். ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "இதுல 'பி' எங்க?" என்றார். லாவண்யாவின் விரல் நேராக அந்த எழுத்தின்மேல் போய் நின்றது. "தொப்பி போட்ட 'ப'" என்றாள். சரளா அக்கா இன்னொரு பாக்கெட்டை எடுத்தார். அதிலும் விரல் சரியாகப் போனது. காலண்டரைக் காட்டினார். சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினார். கடையில் தொங்கிய ஒவ்வொன்றையும் இறக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். 'பி' இல்லாத ஒரு பாக்கெட்டை நீட்டியபோது லாவண்யா கையைக் கட்டிக்கொண்டு அம்மாவை முறைத்தாள். டீ கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். "இருங்க, எம் பொண்ணு படிக்கிறா" என்றார் சரளா அக்கா.

கொஞ்ச நேரம் கழித்து, "திங்கக்கெழம அனுப்புறேன். ஆனா பேர மாத்திடுங்க" என்றார்.

"ஜாதிமல்லின்னு வச்சுக்கலாமா?" என்று லாவண்யாவைக் கேட்டேன்.

"நான் பிச்சி."

"ரோஜா?"

"நான் பிச்சி!"

அவள் உழைத்துச் சம்பாதித்த ஒரே சொல் அது. சும்மா கேட்டால் விடுவாளா? சரளா அக்கா யோசித்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். முதல்முறையாக அவர் முகத்தில் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"அந்தப் பேர டீச்சருக்குக் குடுத்துடலாமா? பாவம், அவங்களுக்கு ரொம்ப ஆசையாம். உயிருன்னு மைக்குலயே சொன்னாங்க."

லாவண்யா நெடுநேரம் யோசித்தாள். பிறகு பெரிய மனசு பண்ணித் தலையாட்டினாள்.

இது நடந்து ஆறு வருடம் ஆகிறது. எனக்கு இன்னும் அதே மாடி அறைதான். லாவண்யா மெதுவாக, ஆனால் நிற்காமல் படிக்கிறாள். கடையின் பலகையை அவள்தான் எழுதியிருக்கிறாள். டீ என்பதற்கு 'டி' என்று இருக்கிறது. நான் திருத்தவில்லை. என் நோய் கொஞ்சம் குணமாகியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் கடைக்குப் போய் உட்காருவேன். இப்போதெல்லாம் ஆந்திராவிலிருந்து நிறையப் பேர் கிரிவலம் வருகிறார்கள். தெலுங்கு காதில் விழுந்தால் சரளா அக்காவுக்குக் குஷி வந்துவிடும். டீயை ஆற்றிக்கொண்டே இந்தக் கதையை ஆரம்பிப்பார். மைக்கைப் பிடித்தபடி நான் நின்றதை நடித்துக் காட்டுவார். எங்கள் அம்மாவின் தலைகூடக் கதையில் வரும், கையைத் தலைக்குமேல் சுழற்றிக் காட்டுவதிலிருந்து தெரிந்துகொள்வேன். ஆறு வருடமாகியும் தெலுங்கில் எனக்கு ஒரே ஒரு சொல்தான் தெரியும். அந்தச் சொல் வந்ததும் முன்பின் தெரியாத அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே திரும்பி என்னைப் பார்ப்பார்கள்.

நான் டம்ளரைத் தூக்கிக் காட்டுவேன், ஆமாம், நான்தான் என்று.