சிதம்பரத்துக்குப் பேட்டரி நிலையம் வருகிறது

“பேட்டரி தீந்துபோனா எங்கடா போய் மாத்துறது?”

என் அக்கா பவானி இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லை என்பதற்காகப் பேச்சை நிறுத்துகிற இனத்தில் நான் பிறக்கவும் இல்லை.

வாசகர்களே, அந்த இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். வரப்போவதையெல்லாம் வந்துவிட்டதாகவே சொல்லித் திரியும் இனம். செய்தியின் தலைப்பைப் பார்த்ததும் நாலு குழுவுக்கு அனுப்பிவிடுவோம்; ‘பரிசீலனையில் உள்ளது’ என்று முடியும் கடைசிப் பத்தி எங்கள் கண்ணில் பட்டதே கிடையாது. ‘விரைவில்’ என்று போர்டு மாட்டிப் பூட்டிக் கிடக்கும் கடைக்கு வழி கேட்டால், எந்தத் திருப்பம், எதிரில் எந்த டீக்கடை என்று விவரமாகச் சொல்லி அனுப்பிவைப்போம். யாராவது பணத்தோடு வண்டி வாங்கக் கிளம்பினால் எங்களுக்குப் பொறுக்காது. கொஞ்சம் பொறுங்கள், புது பாலிசி வருகிறது என்போம். பிளஸ் டூ முடித்துவிட்டு அடுத்து என்ன படிப்பதென்று தெரியாமல், சிதம்பரத்தை அடுத்த கிள்ளையில் வீட்டோடு இருப்பவன் நான். நாட்டின் மின்வாகனக் கொள்கை மட்டும் எனக்குத் தெளிவாகத் தெரியும்.

அக்காவுக்குச் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. வெறும் வயிற்றோடு வருகிறவர்களுக்காக விடிந்ததும் திறக்க வேண்டும். சாவியை அவளிடமே கொடுத்திருந்தார் முதலாளி. அந்த நேரத்துக்கு எங்கள் பக்கம் பஸ் கிடையாது. வண்டி இருந்தால்தான் சாவி. வீட்டுப் பிளக்கிலேயே சார்ஜ் ஏற்றும் ஸ்கூட்டர் ஒன்றைப் பார்த்துவைத்திருந்தாள்.

நான் விடுவேனா? புதுக் கொள்கையில் மானியம் கூடும், பொறு என்றேன். உத்திராபதி மாமாவிடம் பைக்கை இரவல் வாங்கிக்கொண்டு பொறுத்தாள். கொள்கை வந்தது. மானியம் குறைந்தது. நான் வெட்கப்பட்டேன் என்றா நினைக்கிறீர்கள்? அதுவும் நல்லதற்கே என்று விளக்கினேன். பேட்டரி இல்லாமல் வண்டியை மட்டும் மலிவாக வாங்கலாம், பேட்டரி கம்பெனியுடையது, நமக்கு மாத வாடகைதான், தீர்ந்தால் நிலையத்தில் கொடுத்துவிட்டு சார்ஜ் ஏறியதை எடுத்துக்கொள்ளலாம், காஸ் சிலிண்டர் மாற்றுகிற மாதிரி, இரண்டே நிமிடம், இனி எல்லா வண்டிக்கும் ஒரே பேட்டரிதான் என்று மூச்சுவிடாமல் பேசினேன். அப்போதுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“அடுத்த மாசம் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துலயே வருதுக்கா” என்றேன்.

வண்டி வந்தது. நிலையம் வரவில்லை. இருந்த ஒரே நிலையம் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் கடலூரில், செம்மண்டலத்தில். அந்தப் பேட்டரியோ வீட்டுப் பிளக்கில் ஏறாது. ஆகவே தினமும் காலையில் அக்காவின் பின்னால் உட்கார்ந்து போய், அவளைச் சிதம்பரத்தில் இறக்கிவிட்டு, நான் செம்மண்டலம் வரை ஓட்டிப்போவேன். சொன்னபடி இரண்டே நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். அதை வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். பிறகு கிள்ளைக்குத் திரும்புவேன்; அக்கா சாயங்காலம் பஸ்ஸில் வருவாள். அக்கா வேலைக்குப் போகும் அந்தக் கொஞ்ச தூரம் போக, பேட்டரி முழுவதும் பேட்டரி மாற்றப் போய்வருவதற்கே தீர்ந்தது.

ஒருநாள் நிலையத்தில் முழுதாக ஏறிய பேட்டரி இல்லை. பாதிக்குச் சற்றே மேல் ஏறியதை வாங்கிவந்துவிட்டேன். மறுநாள் காலை, ஊரைத் தாண்டியதும் வண்டி நின்றது. சுற்றிலும் வயல். அக்காவின் போனில் முதலாளி. நான் வண்டியைத் தள்ளியபடியே, உலக நாடுகளில் இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

நண்டு கிடைக்கிற நாள்களில் சந்தைக்கு லோடு ஆட்டோ ஓட்டும் உத்திராபதி மாமா பின்னால் வந்தார். கூடைகளை ஒதுக்கி ஸ்கூட்டரை ஏற்றினோம்.

“மாப்ள, ரெண்டு நிமிசத்துல மாத்திடலாம்னியே, மாத்தேன்.”

“செம்மண்டலத்துல மாமா.”

“இந்த நண்ட எறக்கிவுட்டா அதுவே நடந்து சிதம்பரம் போயிருக்கும்டா.”

“அடுத்த மாசம் சிதம்பரத்துலயே...”

அக்கா திரும்பினாள். “பேஷண்டுங்களயும் அடுத்த மாசம் வரச் சொல்லட்டுமா?”

பரிசோதனை நிலையத்துக்குப் போனால், வெறும் வயிற்றோடு காத்திருந்தவர்கள் எதிர்க்கடையில் இட்லி சாப்பிட்டு முடித்திருந்தார்கள். முதலாளி திட்டவில்லை. கையை நீட்டினார். அக்கா சாவியைக் கொடுத்தாள்.

அந்த வண்டி போய், இப்போது அவளிடம் இருப்பது வீட்டுப் பிளக்கில் ஏறும் செகண்ட்ஹேண்ட் ஸ்கூட்டர். சமையலறை ஜன்னல் வழியாக வயர் போட்டு இரவில் சார்ஜ் ஏற்றுகிறோம். வேலை போகவில்லை; சாவிதான் வேறொரு பெண்ணிடம் இருக்கிறது. அந்தப் பெண் வருவதற்கு முன்பே அக்கா போய்ப் பூட்டிய கதவருகில் நிற்கிறாள். நேற்று அவளைத் தேற்ற நினைத்து, “அடுத்த மாசம் சாவி உங்கிட்டயே வந்துரும்க்கா” என்றேன். அவள் பார்த்த பார்வையில் எழுந்து வெளியே வந்து இதை எழுத உட்கார்ந்தேன்.

நீங்களும் எங்கள் இனமா என்று கண்டுபிடிப்பது சுலபம். எங்கள் ஆள்கள் இவ்வளவு தூரம் படிக்க மாட்டார்கள். மேலே உள்ள தலைப்பைப் பார்த்ததுமே ஊருக்கெல்லாம் அனுப்பியிருப்பார்கள். வண்டி வாங்கப் போகிறவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இந்தக் கதையை அவரிடம் சொல்லுங்கள், இந்தக் கடைசிப் பத்தியையும் சேர்த்து. என்ன, ஏற்கெனவே அனுப்பிவிட்டீர்களா?