சம்பந்தி அவர்களுக்கு, 'இரண்டாவது மின்னல்' விஷயமாக

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நாங்கள் அனைவரும் நலம். தாங்களும் சம்பந்தி அம்மாவும், குறிப்பாகச் சம்பந்தி அம்மாவின் இடது முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் 'மாப்பிள்ளை' என்று வாயெடுத்தாலே உங்கள் பக்கம் சிக்னல் போய்விடுகிறது. முழங்காலைப் பற்றிப் பேசினால் மட்டும் கணீரென்று கேட்கிறது. ஆகவே கடிதம். தபால் இலாகாவில் காலமெல்லாம் குப்பை கொட்டியவன் எழுதிய கடிதத்தைப் படிக்காமல் கிழிக்க உங்களுக்கு மனம் வராது என்ற ஒரே தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். மாப்பிள்ளை கல்லூரியில் படிக்கும்போது இரண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு 'இடிதாங்கி' என்றொரு ராக் இசைக்குழு வைத்திருந்தார் அல்லவா? ஒரு ஆல்பம் போட்டார்கள், பெயர் வந்தது, பின்னாலேயே சண்டையும் வந்தது, கலைந்தார்கள். டிரம்ஸ் அடித்தவர் பல் டாக்டர் ஆனார். பேஸ் கிட்டார் வாசித்தவர் டிரைவிங் ஸ்கூல் வைத்தார். மாப்பிள்ளை நீங்கள் ஆசைப்பட்டபடி இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்து, என் மகளைக் கட்டி, தலைமுடியையும் பெருமளவு இழந்து, எல்லா விதத்திலும் நல்ல மனிதராகிவிட்டார். அப்படியே போயிருக்கும். போன வருஷம் பல் டாக்டர் கார் கற்றுக்கொள்ளலாம் என்று விளம்பரத்தைப் பார்த்து ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போயிருக்கிறார். பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தவர் பேஸ்காரர். இருபது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாதவர்கள், வண்டி ஓடும்போதே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்களாம். அந்தப் பாசத்தில் சாய்ந்தது என் இலாகாவுக்குச் சொந்தமான ஒரு தபால்பெட்டி. அங்கேயே நின்று மாப்பிள்ளைக்குப் போன் போட்டார்கள். மாப்பிள்ளை மறுநாளே ஆபீசில் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அப்போதுதான் நீங்கள், "இந்த வயசுல கிட்டாரைத் தூக்கினே, எனக்குப் போன் பண்ணாதே" என்று சொன்னீர்கள். அவர் தூக்கினார், போனும் பண்ணவில்லை. தகப்பன் சொல்லில் பாதியை மீறி மீதியைக் காப்பாற்றியிருக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆல்பத்துக்கு 'இரண்டாவது மின்னல்' என்று பெயர். பதிவு செய்தது எங்கள் வீட்டுப் பின்னறையில். சுவரெல்லாம் பழைய மெத்தைகளை நிறுத்தி, ஜன்னலுக்குப் போர்வை கட்டி, உள்ளே மூன்று பேரும் இட்லிப் பானைக்குள் மாட்டிக்கொண்டவர்கள் போல வேர்த்து வழிந்துகொண்டு வாசித்தார்கள். அந்த அறைக்கு நேர் பின்னால்தான் தண்ணீர் மோட்டார். ஒருநாள் என் மனைவி மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோய் அக்கம்பக்கத்தில் பேசப் போய்விட்டாள். மாடியிலிருந்து அருவி மாதிரிக் கொட்டுகிறது. நான் என்ன செய்வேன்? மாடிப்படி ஏறி ஓடிப் பார்த்துவிட்டு, "தொட்டி வழியுது! யாராவது நிறுத்துங்கப்பா!" என்று கத்தினேன். உள்ளே கடைசிப் பாட்டின் கடைசி அடி முடிந்த அந்த நிமிஷம் பார்த்து என் குரல் அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. எடுத்துவிடலாம் என்றால் மூன்று பேருமே, "அங்கிள், இதைவிட நல்ல முடிவு கிடைக்காது" என்று என் காலில் விழாத குறை. எனக்கும், பொய் சொல்வானேன், கொஞ்சம் மனசு குளிர்ந்துதான் போயிற்று.

ஆல்பம் வந்தது. அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. முதலில் ஒரு வாரப் பத்திரிகை, 'நேற்றே திறந்து வைத்த சோடா' என்று எழுதியது. "நேத்து திறந்திருந்தா பரவாயில்லையே, இருபது வருஷம் முன்னால திறந்தது" என்று பேஸ்காரர் சமாதானம் சொன்னதில் நிலைமை மோசமானது. அடுத்து இணையத்தில் ஒரு பெண் வீடியோ போட்டாள். ஏழெட்டு நிமிஷம் பேசியதில் பாட்டுகளைப் பற்றி இரண்டு வாக்கியம், பாக்கி முழுக்க என் குரலைப் பற்றி. 'தொட்டி என்பது நம் ஒவ்வொருவருடைய மனசு, அந்த முதியவரின் குரலில் ஒரு தலைமுறையின் மூச்சுத்திணறல் இருக்கிறது' என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூச்சுத்திணறல் இருந்தது வாஸ்தவம். மாடிப்படி ஏறினேன் அல்லவா? அதைப் பார்த்துவிட்டுத் தெருவில் இருப்பவர்கள் எனக்குத் 'தொட்டி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இதெல்லாம் போகட்டும். பெரிய தினசரி ஒன்றில் ஒருவர் விமர்சனம் எழுதுவார், 'கத்தரிக்கோல்' என்பார்கள், அவர் நன்றாக எழுதினால்தான் ஒரு குழு பிழைக்கும் என்று மூன்று பேரும் அவருக்காகவே காத்திருந்தார்கள். அவர் எழுதினார். கடைசி வரி இது: 'ஆல்பத்தின் முடிவில் ஒரு பெரியவர் நிறுத்தச் சொல்கிறார். இந்த நல்ல யோசனையை இடிதாங்கி முதல் பாட்டிலேயே கேட்டிருக்கலாம்.'

சம்பந்தி, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள், அதோடு அடங்கிவிட்டேன். மாப்பிள்ளை கிட்டாரைத் துணியில் சுற்றி அலமாரி மேல் ஏற்றினார். ஏற்றிவிட்டுக் கீழே இறங்காமல் நாற்காலி மேலேயே ரொம்ப நேரம் நின்றார். நான் கீழே நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "மாமா, திங்கட்கிழமை ஆபீசுக்குப் போயிடறேன்" என்றார். வரும் சனிக்கிழமைக் கச்சேரிக்கு அரங்கம் எடுத்தாகிவிட்டது, அது என்ன ஆகும் என்றேன். "கேன்சல்தான். அப்பா அப்பவே சொன்னார்" என்றார். நீங்கள் சொன்னது சரி என்று அவர் ஒத்துக்கொண்டதைக் கேட்டால் உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எனக்கு இல்லை. அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் உங்களுக்கும் இருந்திருக்காது. இன்னொரு பக்கம் பல் டாக்டர் அன்று ஒரு நல்ல பல்லில் இடுக்கியை வைத்துவிட்டு நோயாளியிடம் கடி வாங்கினார். டிரைவிங் ஸ்கூல்காரர், வண்டி ஓட்டிய மாணவியிடம், "இனிமே எந்தப் பக்கம் திரும்பினா என்னம்மா" என்று சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் பயந்துபோய் வண்டியை நிறுத்தி இறங்கி நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். "என்னங்க, சண்டை போடப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. "இல்ல, திருத்தம் சொல்லப் போறேன். நான் நிறுத்தச் சொன்னது மோட்டாரை, பாட்டை இல்ல" என்றேன். பத்திரிகை ஆபீசில் மூன்று மாடி ஏறி, கத்தரிக்கோல் யார் என்று விசாரித்தால், நான் மனதில் வைத்திருந்த மீசையும் இல்லை, முறைப்பும் இல்லை. கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒல்லியான மனிதர், ஜலதோஷத்தில் மூக்கு சிவந்து, டீயில் பிஸ்கட்டை நனைத்து, அது பாதி உடைந்து உள்ளே விழுந்துவிட்ட வருத்தத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யாருங்க?" என்றார்.

"'தொட்டி வழியுது' நான்தான்."

எழுந்து நின்றுவிட்டார். "நீங்களா! உட்காருங்க சார், உட்காருங்க. அந்த ஒரு வரியை என்ன உணர்ச்சியில சார் சொன்னீங்க?"

"தொட்டி வழிஞ்சுது சார். அந்த உணர்ச்சியிலதான்."

விஷயத்தை விளக்கினேன். மோட்டாரைப் போட்டதும் மறந்ததும் என் மனைவி என்பதால், பாராட்டில் அவளுக்கும் பங்கு உண்டு என்பதையும் நியாயமாகச் சொன்னேன். பிறகு, "ஆல்பத்தை முழுசாக் கேட்டீங்களா?" என்றேன். "நீங்க கேட்டீங்களா?" என்று திருப்பினார். "வீட்லயே பதிவு பண்ணாங்க, சுவர் வழியா நிறையக் கேட்டிருக்கேன்" என்றேன். "சுவர் வழியா டிரம்ஸ்தான் சார் வரும், வார்த்தை வராது" என்றவர், அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மட்டும் என்ன வாழ்ந்துது? இந்த ஜலதோஷத்துல ரெண்டு காதும் அடைச்சுக் கிடந்தது. சாயங்காலத்துக்குள்ள கட்டுரை குடுக்கணும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன். "இப்ப காது எப்படி?" என்றேன். "இன்னிக்குத்தான் திறந்திருக்கு." மேசை டிராயரிலிருந்து ஒரு இயர்போனை எடுத்து, ஒரு முனையைத் தன் காதில் வைத்து மறுமுனையை என்னிடம் நீட்டினார். வயர் குட்டை. அந்தப் பெரிய ஆபீசில் இரண்டு பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்டோம்.

முதல் பாட்டு எனக்கும் இரைச்சலாகத்தான் இருந்தது, வாயை மூடிக்கொண்டேன். நடுவில் 'உப்பு' என்று ஒரு பாட்டு வந்தது. அதில் டிரம்ஸே இல்லை, அதனால்தான் சுவர் வழியே எனக்கு வந்து சேரவேயில்லை. மாப்பிள்ளையின் குரலும் ஒரு கிட்டாரும் மட்டும். ஒரு சாப்பாட்டு மேசை. இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் அப்பா. 'பேச ஒன்றும் இல்லாமல் உப்பை மட்டும் நகர்த்தினோம்' என்று போகிறது. நான் திட்டுதான் வரப்போகிறது என்று உங்களுக்காகப் பயந்துகொண்டே கேட்டேன். வரவில்லை. பிறகு மகனுடைய முதல் கச்சேரி. கடைசி வரிசைக்குப் பின்னால் இருட்டில் யாரோ நிற்கிறார்கள். 'விளக்கு எரியுமுன்னே வெளியேறிய செருப்புச் சத்தம் எந்த ஊரிலும் எனக்குத் தெரியும்' என்று பாடுகிறார். அங்கே அவர் குரல் கொஞ்சம் பிசிறடிக்கிறது. அதைத் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள்.

கத்தரிக்கோல் பாட்டை நிறுத்தினார். "இது யாரோட அப்பா சார்?"

"என் சம்பந்தி."

"உயிரோட இருக்காரா?"

"நல்லா இருக்கார். சிக்னல்தான் இல்ல."

நான் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். சம்பந்தி, அந்தக் கச்சேரிக்கு நீங்கள் போனீர்களா? எங்களிடம் ஒருநாளும் சொன்னதில்லையே. போனது உங்களுக்கும் அவருக்கும் தெரியும், அவருக்குத் தெரியும் என்பது மட்டும் உங்களுக்குத் தெரியாமல் இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறீர்களே!

மூன்றாம் நாள் அதே பத்திரிகையில் சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி. 'இரண்டாவது மின்னலை இரண்டாவது முறை கேட்டேன். முதல் பாட்டு இன்னும் இரைச்சல்தான். ஆறாவது பாட்டில் டிரம்ஸ் வாசித்தவருடைய கவனம் வேறெங்கோ இருந்திருக்கிறது. ஆனால் 'உப்பு' பாட்டை எழுதியவர் இனி எந்தக் காரணத்துக்காகவும் எழுதுவதை நிறுத்தக்கூடாது.' மாப்பிள்ளை சமையலறை வாசலில் நின்று படித்தார். "முதல் பாட்டு இரைச்சல்னு எழுதியிருக்கார் மாமா" என்றார், முகம் கொள்ளாத சிரிப்போடு. பல் டாக்டர் போனில், "கரெக்ட்டா சொல்லியிருக்கான், அன்னிக்கு ஒரு கடைவாய்ப் பல்லைப் பத்தியே நினைச்சிட்டிருந்தேன்" என்று கத்தரிக்கோலின் காதை வானளாவப் புகழ்ந்தார். அலமாரி மேலிருந்து கிட்டார் இறங்கியது. கச்சேரி உண்டு. ஆபீஸ், கச்சேரிக்கு அப்புறம்.

எல்லாம் சுபம் என்று நான் முடித்துவிடலாம். ஆனால் யார் பாராட்டிப் போன் பண்ணினாலும் மாப்பிள்ளை முதலில் எண்ணைப் பார்க்கிறார், பிறகுதான் எடுக்கிறார். அந்த ஒரு நொடியை நான் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விமர்சனம் எழுத வேண்டியவர் இன்னும் ஒருவர் பாக்கி, சம்பந்தி. பாராட்ட வேண்டாம். நன்றாக இல்லையென்றால் நேரில் வந்து நன்றாக இல்லை என்று சொல்லுங்கள், அதற்கே அவர் பூரித்துப்போவார். இத்துடன் முன்வரிசைக்கு இரண்டு அனுமதிச் சீட்டு வைத்திருக்கிறேன். இந்த முறை விளக்கு எரிந்த பிறகும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான விண்ணப்பம்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் வணக்கங்கள். முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகள். இரு குடும்பமும் ஒரே கூரையின்கீழ் சிரித்துப் பேசும் நாள் சீக்கிரம் வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

மறுகுறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். மத்தியானம் அரங்கத்து மேலாளர் போன் செய்தார். காலையிலிருந்து ஒரு பெரியவர் வாசலில் நின்றுகொண்டு, "போஸ்டர்ல எம் பையன் முகம் பாதிதான் தெரியுது, வேற ஒட்டற வரைக்கும் நகரமாட்டேன்" என்று தகராறு பண்ணுகிறாராம். கூட வந்த அம்மா படிக்கட்டில் உட்கார்ந்து, "நேத்து பூரா பஸ்ல அந்த 'உப்பு' பாட்டையேதான் போட்டுக் கேட்டுட்டு வந்தார், என் காதே போச்சு" என்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். மாப்பிள்ளை சட்டைப் பட்டனைக்கூட ஒழுங்காகப் போடாமல் ஓடிப்போய் உங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார். ஆகவே மேலே எழுதிய எதையும் பொருட்படுத்த வேண்டாம். இப்போது நீங்கள் எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சமையலறையில் நின்று உங்களுக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். தபால்தலை ஒட்டியாகிவிட்டதால் கடிதத்தை அனுப்பத்தான் போகிறேன், ஊருக்குப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை உங்களுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து கிட்டார் வயரைச் சுற்றுகிறார். வந்ததிலிருந்து இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இருங்கள், நீங்கள் ஏதோ சொல்கிறீர்கள். "இப்படி முறுக்கிச் சுத்தினா உள்ளயே அறுந்துடும்டா. குடு இங்க." "இந்தாங்கப்பா" என்கிறார். சம்பந்தி, உங்களுக்கு ரொம்ப நன்றாகச் சுற்ற வருகிறது.