முதலில் அழுதவரே நோயாளி

ஜார்ஜ்டவுனில் மனநல ஆலோசகராக இருந்த பிரமிளா, ஒரு பெண் தன் மணமுறிவைச் சொல்லி அழுதுகொண்டிருந்தபோது கொட்டாவி விட்டுவிட்டாள். அந்தப் பெண்ணே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க போய் ரெஸ்ட் எடுங்க மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரமிளாவுக்கு உடம்பு கூசிப்போயிற்று. யாருடைய துக்கமும் இப்போதெல்லாம் தன் காதைத் தாண்டி உள்ளே இறங்குவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

நல்லவேளையாக, ஆலோசகர் நலவாரியம் அந்த மாதம்தான் ஒரு பேரருள் புரிந்திருந்தது. ஆலோசகர் ஒவ்வொருவரும் இன்னோர் ஆலோசகரிடம் சென்று கட்டாயமாக மனம் திறந்து, கட்டாயமாக நிம்மதி அடைய வேண்டும். தவறினால் உரிமம் ரத்து.

பிரமிளா தீவிலிருந்து கடற்பாலம் தாண்டி, எதிர்க்கரையிலிருந்த செபராங் ஜெயாவுக்குக் காரில் போய், ஆலோசகர் சந்திரசேகரன் முன்னால் உட்கார்ந்தாள். மனசு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டார். தொழில் பழக்கம், அவள் வாயிலும் அதே கேள்விதான் வந்தது. அவ்வளவுதான், மனிதர் உடைந்துபோனார். வீட்டில்கூட யாரும் தன்னை அப்படிக் கேட்டதில்லை என்று விம்மினார். பிரமிளா அவர் மேசையிலிருந்த டிஷ்யூவை அவருக்கே எடுத்து நீட்டி, வந்த வேலையை மறந்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும், அதே ஊரிலிருந்த வாரிய அலுவலகத்தில் போய் முறையிட்டாள். அதிகாரி மர்ஜானா பொறுமையாகக் கேட்டார்.

"யார் அழுதது?"

"அவருதான் மேடம். ஆனா அழப் போனது நான்."

"அழுதவர் நோயாளி, ஆறுதல் சொன்னவர் ஆரோக்கியமானவர். விதி அப்படித்தான். நீங்க நல்லாத்தான் இருக்கீங்க லா."

"எனக்கு எதுவுமே உறைக்க மாட்டேங்குது மேடம்."

"அதுக்குப் பேருதான் மன அமைதி. எனக்கெல்லாம் அது எங்க..."

அடுத்த நொடி மர்ஜானா மேசையில் தலையைக் கவிழ்த்து அழ, பிரமிளா எழுந்துபோய் முதுகைத் தடவிக் கொடுத்தாள். முகம் கழுவி வந்த அதிகாரி, இப்பேர்ப்பட்ட திடசித்தம் வீணாகக் கூடாது என்று அவளை அங்கேயே வாரியத்தின் தலைமை ஆறுதலாளராக நியமித்தார். இனி மாநிலத்து ஆலோசகர்கள் அனைவரும் அவளிடம் வந்து அழலாம். அவள் மட்டும் யாரிடமும் அழக் கூடாது, பதவிக்கு இழுக்கு.

மாலையில் வீடு திரும்பும்போது பாலத்தின்மேல் வண்டிகள் நகரவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்ற தைரியத்தில், பிரமிளா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அப்பாடா என்றிருந்தது. நடுநடுவே சிரிப்புக்கூட வந்தது. முன்னாலிருந்த வண்டிகள் நகர்ந்துபோய் வெகுநேரம் ஆகியிருந்ததை அப்போதுதான் கவனித்தாள். பின்னால் இருப்பவர்கள் திட்டித் தீர்ப்பார்களே என்று பதறித் திரும்பிப் பார்த்தாள்.

ஒருவரும் ஹோன் அடிக்கவில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை, கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, அவரவர் ஸ்டியரிங்கில் அவரவர் அழுதுகொண்டிருந்தார்கள்.