முக்கால் அங்குல மரை

ஆயில் ஃபில்டர் மூன்று சுற்று இனிதே சுழன்றது. நான்காவது சுற்றில் எக்சாஸ்ட் குழாயில் முட்டி நின்றுவிட்டது. வெர்னியருக்கு மூச்சும் அதனோடு நின்றது.

பந்தயக் கார்களைச் செப்பனிடும் அப்பட்டறையின் ஸ்டோருக்கு அவர் பொறுப்பாளர். சட்டைப் பையில் எந்நேரமும் வெர்னியர் அளவுகோலைச் செருகியிருந்ததால் மெக்கானிக்குகள் இட்ட பெயர் அது. எதையும் துல்லியமாக அளப்பார். ஸ்பானர் பிடித்துப் பழகியவர் அல்லர். மூன்று மாதத் தற்காலிக வேலை இன்றோடு முடிகிறது. நிரந்தரமா, வீடா என்பதை முதலாளி மாலையில் சொல்வார்.

அந்த முதலாளிதான் காலையில் போனில் கட்டளையிட்டிருந்தார்.

"ஸ்டாண்டுல எட்டு சிலிண்டர் என்ஜின் நிக்குதில்ல, அதுக்கு சரியான சைஸ்ல ஒரு ஆயில் ஃபில்டர் மாட்டி வைங்க. வெளிய துருத்திக்கிட்டு நிக்கக் கூடாது. நாலு மணிக்கு ஆளுங்களோட வரேன்."

மறுகேள்விக்கு இடமின்றி இணைப்பு அறுந்தது.

துலக்கிய வெள்ளிபோல் ஒளிர்ந்த அந்த என்ஜின், கொலுவீற்றிருக்கும் மன்னனைப் போல் ஸ்டாண்டின்மேல் வீற்றிருந்தது. மன்னனின் தகுதிக்கேற்ப அலமாரியிலேயே நெட்டையான ஃபில்டரைத் தேர்ந்தார். அதுதான் இப்போது முட்டிக்கொண்டு நிற்கிறது.

பந்தயத் திடலுக்குப் போயிருந்த தலைமை மெக்கானிக்கை அழைத்தார்.

"எந்த என்ஜின்ணே? நான் நாலு நாளா அங்க இல்லையே. உயரம் இடிச்சா குட்டையா ஒண்ணு போடுங்க. ஆனா பாத்து. ஏழாயிரம் சுத்து சுத்தும்போது எண்ணெய் அழுத்தத்த அது தாங்கணும்."

"தாங்கலைன்னா?"

"அஞ்சு நிமிஷத்துல என்ஜின் பழைய இரும்பு. நீங்க ஏன் மாட்டறீங்க?"

"முதலாளி சொன்னாரு."

"அப்ப சரி. நான் எதுவும் சொல்லல, நீங்களும் எதுவும் கேக்கல."

குட்டை ஃபில்டரை எடுத்து, உயரத்தை இருமுறை அளந்து மாட்டினார். வெண்ணெயில் விரல் இறங்குவதுபோல் இறங்கியது. இவ்வளவு எளிதாக எந்த நன்மையும் தமக்கு வாய்த்ததில்லையே என்ற ஐயம் எழ, பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடியது.

அதைக் கழற்றிக் கையில் ஏந்தியபடி இரண்டு தெரு தள்ளியிருந்த உதிரிபாகக் கடைக்கு ஓடினார்.

"இது இருபது மில்லிமீட்டர் மரை," என்றார் கடைக்காரர், ஃபில்டர் வாயின் திருகுப் புரியைத் தடவியபடி. "என்ஜின்ல இருக்கறது எவ்வளவு?"

"உயரம்தான் அளந்தேன்."

"பையில வெர்னியர வெச்சுக்கிட்டு உயரம் மட்டும் அளந்தீங்களா? போய் மரைய அளந்துட்டு வாங்க."

ஓடினார், அளந்தார், மீண்டும் ஓடிவந்தார். "பத்தொன்பது."

"அப்ப அது முக்கால் அங்குலம். ரெண்டுக்கும் ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். சும்மா இருக்கும்போது சாதுவா உக்காந்திருக்கும். வண்டி வேகமெடுத்தா பிச்சுக்கிட்டுப் பறக்கும். எண்ணெய் பூராவும் ரோட்டுல."

"ஓட்டறவர்?"

"அது டாக்டர் கிட்ட கேக்க வேண்டியது."

கடைக்காரர் உள்ளே தேடப் போன இடைவெளியில் மனைவி அழைத்தார்.

"என்னங்க, ஆர்டர் கைக்கு வந்துடுச்சா? எங்கண்ணன் கிட்ட நிரந்தரம்னு சொல்லிட்டேன்."

"அதுக்குள்ள ஏன் சொன்ன?"

"மூணு மாசமா 'மாப்பிள்ளைக்கு இன்னும் தற்காலிகம்தானா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு. நீங்க மட்டும் இன்னிக்கு எதையும் சொதப்பிடாதீங்க."

முக்கால் அங்குல மரையில் குட்டை ஃபில்டர் கிடைத்தது. அது பொருந்தியது, இடிக்கவில்லை, ஆடவில்லை. அவ்வளவில் அவர் கைகழுவியிருந்தால் கதை சுபமாக முடிந்திருக்கும். ஆனால் அச்சம் கொண்ட உள்ளத்துக்கு நல்வினை கண்முன் வந்து நின்றாலும் நம்பிக்கை பிறப்பதில்லை. கசிந்தால்? எண்ணெய் ஊற்றிப் பார்த்துவிடுவோம் என்று, யாரும் ஏவாத பணியைத் தாமே தலைமேற்கொண்டார்.

ஸ்டோரில் இருந்ததிலேயே உயர்ந்த எண்ணெயைப் புனல் வைத்து ஊற்றினார். ஐந்து லிட்டர். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார், காய்ந்திருந்தது. பெரிய என்ஜினுக்குப் பெரிய வயிறு போலும் என்று இன்னும் மூன்று லிட்டர் ஊற்றினார். கம்பி அப்போதும் காய்ந்திருந்தது. குழப்பத்தோடு ஓர் அடி பின்வைத்தார், கால் வழுக்கியது.

குனிந்து நோக்கினார். என்ஜினின் அடிவயிற்றிலிருந்து நான்கு தாரைகள், மலையூற்றின் அமைதியோடு ஒழுகிக்கொண்டிருந்தன.

தாம் இறுக்கிய இறுக்கில் அடிப்பாகம் பிளந்துவிட்டது என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. கடிகாரம் மூன்று ஐம்பது காட்டியது. கிடைத்த துணிகளால் துடைத்து, எஞ்சியதன்மேல் ஒரு மூட்டை மரத்தூளைக் கொட்டிப் பரப்பினார்.

நான்கு மணிக்கு முதலாளி மனைவியோடு வந்தார். பின்னால், போர்வை சுற்றிய அகலமான ஏதோ ஒன்றைத் தூக்கிக்கொண்டு இரண்டு வேலையாட்கள்.

முதலாளியம்மா என்ஜினை ஒருமுறை சுற்றிவந்தார். "ஃபில்டர் நல்லா பொருந்தியிருக்குங்க. துருத்தவே இல்ல."

"சொன்னேன்ல, மனுஷன் அளவுல கெட்டிக்காரர்," என்று முதலாளி ஓர் உறையை நீட்டினார். "இந்தாங்க வெர்னியர். நாளையிலிருந்து நீங்க நிரந்தரம்."

வெர்னியர் இரு கைகளாலும் வாங்கினார். மூன்று மாதங்கள் தவமிருந்து பெற்ற காகிதம். பிரித்துப் படித்தார், தம் பெயர் பிழையின்றி இருந்தது. அதை மடித்து, மீண்டும் முதலாளியின் கையிலேயே வைத்தார்.

"இது எனக்கு வேண்டாங்க. உங்க என்ஜின நான் உடைச்சிட்டேன். எட்டு லிட்டர் எண்ணெய் ஊத்தினேன், எட்டும் கீழ வந்துடுச்சு. அடியில நாலு இடத்துல விட்டுப்போச்சு."

முதலாளியம்மா கணவரைப் பார்த்தார். கணவர் மரத்தூளைப் பார்த்தார்.

வேலையாட்களில் மூத்தவர் போர்வையை விலக்கி, உள்ளிருந்த தடித்த கண்ணாடியைச் சுவரில் மெல்லச் சாய்த்து வைத்தார். பிறகு குனிந்து என்ஜினின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, எண்ணெய் படிந்த விரலோடு நிமிர்ந்தார்.

"கால் மாட்டறதுக்கு அந்த நாலு ஓட்டையப் போட்டது நான்தாங்க, டீப்பாய்க்கு எதுக்கு எண்ணெய் ஊத்தினீங்க?"