வான் ஷோ அமிர்தநாதர்

'ஒருமுறை போய் வந்தவர்' என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் சந்தித்திருப்பீர்கள். ஓர் ஊருக்கு அடிக்கடி போய் வருபவரால் நமக்கு எந்தத் தொந்தரவும் கிடையாது. அவருக்கு விமான நிலையத்து வரிசையும் முதுகுவலியும்தான் நினைவில் நிற்கும். ஒருமுறை மட்டும் போனவரோ அந்த ஊரையே மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்துவிடுவார். இத்தாலிக்கு ஒருமுறை போனவர் உங்கள் வீட்டுப் பாஸ்தாவை முள்ளுக்கரண்டியால் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். யப்பானுக்கு ஒருமுறை போனவர் பால்தேத்தண்ணியை இரண்டு கையாலும் ஏந்திக் கண்ணை மூடுவார். பாரிஸுக்கு ஒருமுறை போனவர்? அவரைப் பற்றித்தான் இந்தக் கதை.

ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் வசிக்கும் அமிர்தநாதருக்கு, மேற்கே பிறம்ரனில் வேலை. லொறிகளுக்கு வழி சொல்லி அனுப்பிவிட்டு, அந்த லொறிகளுக்குப் பின்னாலேயே 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து வீடு வந்து சேருவார். இரண்டு வருடங்களுக்கு முன் மார்கழியில், தங்கையின் பேரனுக்கு ஞானஸ்நானம் என்று பாரிஸுக்குப் போனார். அங்கே இருந்த நாட்களில் பெரும்பகுதி தங்கை வீட்டில் புட்டும் மீன்குழம்பும் சாப்பிடுவதிலேயே கழிந்தது. கடைசி நாள் மாலை தங்கையின் மகன் அவரைக் கிறிஸ்மஸ் சந்தைக்குக் கூட்டிப்போய், குளிரில் வெடவெடத்துக்கொண்டிருந்தவரின் கையில் ஒரு கடதாசிக் கோப்பையைத் திணித்தான். சுடச்சுடச் சிவப்பு வைன். அதற்குள் தோடம்பழத் தோல், கறுவா, கராம்பு. 'வான் ஷோ' என்றான். அமிர்தநாதர் குடித்தார்.

பாரிஸில் நடந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் ரொறன்ரோவில் நடந்தது.

அதுவரை விஸ்கிக்குள் கோலா ஊற்றி, கச்சான் கொட்டையைக் கொறித்துக்கொண்டு சந்தோஷமாக வாழ்ந்தவர், திரும்பி வந்த கிழமையே விஸ்கிப் போத்தலை அலுமாரியின் பின்பக்கம் தள்ளினார். யாராவது 'சூடான வைன்' என்று சொல்லிவிட்டால் ஒரு விரலைத் தூக்குவார். "வான் ஷோ எண்டு சொல்ல வேணும். மூக்காலை சொல்லுங்கோ. வான்." ரொறன்ரோ வெக்ஸ்போர்டில் இருந்து வரும் நண்பர் இராஜரட்ணம் ஒருமுறை, "எந்த வான் அண்ணை? நீங்கள் போன வருசம் வித்த வானோ?" என்று கேட்டுவிட்டு மூன்று மாதம் அந்த வீட்டுக்கு அழைக்கப்படாமல் இருந்தார்.

நடுக்கோடையில் உறவினர் ஒருவரின் வீட்டுப் பின்வளவில், எல்லோரும் பனிக்கட்டி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கும்போது, வைனை எப்படிச் சூடாக்குவது என்று பாடம் எடுப்பார். "அடுப்பைக் குறைச்சு வைக்க வேணும். ஓரத்திலை சின்னச் சின்னக் குமிழி வரேக்கை நிப்பாட்டிப் போடவேணும். கொதிக்க விட்டால் எல்லாம் போச்சு. அது பாவம்." பாவம் என்ற சொல்லைக் கோவிலில் சுவாமியார்கூட அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை.

மறுவருடம் கிறிஸ்மஸுக்கு முந்திய சனிக்கிழமை விருந்து என்று அறிவித்தார். ஒத்திகை தொடங்கியது. நாள்தோறும் மாலையில் ஒரு பானை. மகள் நடாஷா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் ஒரு கோப்பை நீட்டப்படும். "கறுவா கூடிப்போச்சோ?"

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் ஹொட் வைன்."

"ஜஸ்ட்டோ?" என்றார் அமிர்தநாதர். மகளைத் தான் வளர்த்த விதத்தில் எங்கோ பிழை நடந்துவிட்டது என்று அன்றிரவு அவருக்கு உண்மையாகவே கவலையாக இருந்தது.

வைனைவிடப் பெரிய பிரச்சினை, அதோடு எதைச் சாப்பிடுவது என்பது. மனைவி பேர்ணடெற் கிறிஸ்மஸ் என்றால் ஆட்டிறைச்சி றோல் சுருட்டிப் பொரிப்பார். கனடாவுக்கு வந்த முதல் வருடத்திலிருந்து செய்கிறார். கோவில் மண்டபத்திலும் சரி, வாசல் பனியைத் தள்ளிக் கொடுத்த அயலவர் வீட்டிலும் சரி, பேர்ணடெற்றின் பெயரை மறந்தவர்கள்கூட 'றோல் செய்யிற அக்கா' என்றால் சிரித்துக்கொண்டு தலையாட்டுவார்கள்.

"இந்த முறை றோல் வேண்டாம்" என்றார் அமிர்தநாதர். "வான் ஷோவுக்குச் சேருறது கொம்தே சீஸ். தேன் போட்ட மசாலாக் கேக். சுட்ட செஸ்ட்நட் கொட்டை. எண்ணெய்ச் சாமான் வைச்சால் ஒரு பிரெஞ்சுக்காரன் என்ன நினைப்பான்?"

"அஜக்ஸிலை ஆர் பிரெஞ்சுக்காரன் வாறான்?"

"வந்தாலெண்டு சொல்லுறன்."

பேர்ணடெற் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி பேசாமல் இருந்தால் சம்மதம் என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து நம்பி வருபவர் அமிர்தநாதர்.

சனிக்கிழமை வந்தது. வீடு நிறைய ஆட்கள். கழுத்தில் சால்வையைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குள் வியர்த்து வழிய, அமிர்தநாதர் அடுப்படியில் நின்றார். இராஜரட்ணத்தின் மனைவி புனிதவதி வாசலில் சப்பாத்தைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார். "என்னக்கா, றோல் வாசம் வரேல்லை?"

பதில் சொன்னவர் பேர்ணடெற் அல்லர். "றோல் காலம் முடிஞ்சுது தங்கச்சி!" என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "உது பஸ் ஸ்ராண்டுச் சாப்பாடு. இண்டைக்கு நாங்கள் கொஞ்சம் நாகரிகமாச் சாப்பிடுவம்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பேர்ணடெற்றின் கையில் ஒரு தட்டு நிறையக் கோப்பைகள். அவற்றை மெதுவாக மேசையில் வைத்தார், கராஜுக்குப் போகும் கதவைத் திறந்தார், போனார். அமிர்தநாதர் இதைக் கவனிக்கவில்லை. அவர் அன்னாசிப்பூக்களில் இதழ் உடையாதவற்றைத் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

பிறகு உரை தொடங்கியது. தோடம்பழத்தின் வெள்ளைத் தோல் ஏன் கூடாது, எந்த வைன் மலிவானதாக இருக்கலாம், எது இருக்கக்கூடாது, கறுவாவை ஏன் தூளாக்காமல் பட்டையாகப் போடவேண்டும், பிரான்ஸின் மலைப்பக்கத்தில் பனிச்சறுக்கு விளையாடிவிட்டு வருபவர்கள் இதை எப்படி இரண்டு கையாலும் பொத்திப் பிடிப்பார்கள் (இவர் அந்த மலையைக் கண்டது விமானத்தில் கொடுத்த சஞ்சிகையில்) என்று வகுப்பு நடந்தது. பிள்ளைகள் கீழே பேஸ்மென்ருக்கு ஓடிவிட்டார்கள். பெரியவர்கள் ஓட வழியில்லாமல் நின்றார்கள். "முக்கியமான விசயம் இதுதான்" என்று விரலைத் தூக்கினார். "ஒரு காலமும் கொதிக்க விடக்கூடாது. ஏனெண்டால்..."

"அண்ணை, கொதிக்குது" என்றார் இராஜரட்ணம்.

பானை பொங்கி, அடுப்பெல்லாம் சிவப்பாக வழிந்தது. ஒத்திகை நாட்களில் எல்லாம் இது ஏன் நடக்கவில்லை? அவர் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டோ கோப்பை கழுவிக்கொண்டோ நின்ற ஒருவர், ஒரு சத்தமும் இல்லாமல் கையை நீட்டி அடுப்பைக் குறைத்துவிடுவார். அந்த ஒருவர் இப்போது கராஜில் இருந்தார்.

ஆனாலும் பரிமாறப்பட்டது. இராஜரட்ணம் ஒரு வாய் குடித்து, கண்ணைச் சுருக்கி, மரியாதையான ஒரு சொல்லைத் தேடினார். "தடிமலுக்கு நல்லம் அண்ணை. எங்கட மல்லித்தண்ணி மாதிரி."

சீஸ் வியர்த்தது. செஸ்ட்நட்டின் கோதை உடைக்கப்போய் ஒருவருக்கு நகம் போனது. "காரைப் பூட்டினனோ தெரியேல்லை" என்று ஒருவர் எழுந்தார். "ஃபோன் கதைச்சிட்டு வாறன்" என்று இன்னொருவர். நடாஷா காரணம் எதுவும் சொல்லாமலே போனாள். மசாலாக் கேக்கின் வரலாற்றைச் சொல்லி முடித்துவிட்டு அமிர்தநாதர் நிமிர்ந்து பார்த்தபோது வரவேற்பறையில் அவரும் கிறிஸ்மஸ் மரமும் மட்டும் இருந்தார்கள்.

கராஜ் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. கோப்பையும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தார்.

எண்ணெய்ப் புகை வெளியே போவதற்காகப் பெரிய கதவு முழங்கால் உயரத்துக்குத் திறந்திருந்தது. எல்லோரும் குளிர் ஜக்கெற்றோடு, அங்கிருந்த அடுப்பைச் சுற்றி நின்றார்கள். எல்லோர் கையிலும் றோல். ஒரு கிழமைக்கு முன்பே செய்து கராஜ் ஃபிரிட்ஜில் உறையவைத்திருக்கிறார் பேர்ணடெற்! இப்போது எண்ணெய்க் கரண்டியை ஒரு விரல் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூக்கால் சொல்லிக்கொண்டிருந்தார்: "வான்... ஷோ! கொதிக்க விட்டால் பாவம்!" இராஜரட்ணம் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறியது. புனிதவதி கண்ணைத் துடைத்தார்.

அமிர்தநாதருக்குக் காது சுட்டது. முதலில் வந்தது கோபம்தான். ஆனால் பேர்ணடெற்றின் முகத்தைப் பார்த்தார். சிவந்து, வியர்த்து, இளமையாக இருந்தது. இந்த மனுசி இவ்வளவு கதைப்பாள் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது. கடைசியாக எப்போது வீட்டுக்குள் இப்படிக் கதைத்தாள்? யோசித்துப் பார்த்தார். வீட்டுக்குள் வேறொருவர் இடைவிடாமல் கதைத்துக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

அவரைக் கண்டதும் சிரிப்பு நின்றது. கரண்டி கீழே இறங்கியது.

"எனக்கும் ஒண்டு இருக்கோ?" என்று கேட்டார்.

"உது பஸ் ஸ்ராண்டுச் சாப்பாடு" என்றார் பேர்ணடெற். "நீங்கள் சாப்பிடமாட்டியள்."

எல்லோர் முன்னாலும் சொன்னதை எல்லோர் முன்னாலும்தான் திருப்பி எடுக்கவேண்டும் என்று அமிர்தநாதருக்குத் தெரிந்திருந்தது. "நான் அப்பிடிச் சொன்னது பிழை, பேர்ணடெற்" என்றார். குரல் மிகச் சிறியதாக வந்தது. மூக்கால் வரவில்லை.

பேர்ணடெற் கரண்டியை எண்ணெய்க்குள் விட்டார். பிறகு, இருந்ததில் நன்றாகச் சிவந்த றோல் ஒன்றை ரிஷூக் கடதாசியில் சுற்றி நீட்டினார். அமிர்தநாதர் கடித்தார். கையிலிருந்த கோப்பையிலிருந்து ஒரு வாய் குடித்தார். கைத்துப்போன வைனும் காரமான இறைச்சியும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. உள்ளே ஓடிப்போய்ப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அது ஒரு சொட்டும் மிச்சமில்லாமல் முடிந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் எவ்வளவு நல்லது! ஆனால் இந்த இனத்தார் திருந்துவதில்லை, இடம் மாறுவார்கள். மறுநாள் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் கோப்பி குடிக்கும்போது அமிர்தநாதர் விரலைத் தூக்கினார். "வான் ஷோவுக்குச் சரியான சோடி ஆட்டிறைச்சி றோல்தான். பிரெஞ்சுக்காரருக்கு உது இன்னும் தெரியாது." புதுவருடத்துக்குள் றோலிலும் வல்லுநர் ஆகிவிட்டார். "எண்ணெய் சரியான சூட்டிலை இருக்க வேணும் பேர்ணடெற். கூடினால் வெளியிலை கருகும், உள்ளை குளிரும். நீர் அவசரப்படுறீர்."

"ஓமப்பா" என்றார் பேர்ணடெற். "எனக்கு உது விளங்காது. நீங்களே பொரியுங்கோவன்."

கரண்டியைக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், புனிதவதிக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்தார். அமிர்தநாதர் இப்போது ஒவ்வொரு விருந்துக்கும் கராஜில், குளிர் ஜக்கெற்றோடு, எண்ணெயின் சூட்டைப் பற்றி ஃபிரிட்ஜுக்கு விளக்கிக்கொண்டு பொரிக்கிறார். உள்ளே இருந்து பேர்ணடெற்றின் கதையும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருக்கும். விருந்து இப்போது மிகவும் நன்றாக நடக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

சிரித்தீர்களா? நல்லது. ஒன்றே ஒன்று கேட்கலாமா? இதை வாசிக்கும்போது, 'கொஞ்சம் சாதிக்காயும் சேர்த்திருக்கவேண்டுமே, இந்த மனுசனுக்குத் தெரியவில்லையே' என்று எங்காவது ஓரிடத்தில் உங்களுக்குத் தோன்றியதா? தோன்றியிருந்தால் உடனே எங்களுக்கு எழுதித் திருத்தவேண்டாம். வீட்டில் இருப்பவர்களிடம் மெதுவாகக் கேளுங்கள், நீங்கள் எந்த ஊருக்கு ஒருமுறை போய் வந்தவர் என்று. அவர்கள் யோசிக்காமல் பதில் சொல்வார்கள்.