என் சிறுத்தையும் ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவும்

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. காரணம், நானே அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவள். புனேயில், நிக்டியில் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். 'கேட்டதையெல்லாம் நம்பாதே, ஒரே செய்தியை நாலு இடத்தில் ஒப்பிட்டுப் பார்' என்று வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்துகிறேன். இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் சிறுத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

என் வீட்டுக்காரருக்குத் தளேகாவ் தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால்தான் கோயம்புத்தூரிலிருந்து மகளோடு கிளம்பி வந்தோம். அங்கே எட்டு வருஷம் டீச்சராக இருந்தவள் நான். இங்கே வந்து இரண்டு வருஷம், லிஃப்டில் எதிர்ப்படுகிறவர்களைப் பார்த்துச் சிரிப்பதுதான் என் முழுநேர உத்தியோகம். மூன்றாம் வருஷம் ஒரு பள்ளிக்கூடத்தில் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். ஒரு வருஷம் முடியும்போது பிரின்ஸிபல் மேடம் வகுப்பில் வந்து உட்கார்ந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தி என்றால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மறுபடி லிஃப்ட். அந்த லிஃப்டுக்குத் திரும்பிப் போக எனக்குத் தெம்பில்லை. நினைத்தாலே அழுகை வந்தது.

அந்த வகுப்புக்குப் பத்து நாள் முன்புதான் என் சிறுத்தை வந்தது.

விடிந்தும் விடியாத நேரம். பல் தேய்த்தபடி பாத்ரூம் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறேன், எங்கள் குடியிருப்பின் பின்பக்கச் சுவர்மேல் மஞ்சளில் கறுப்புப் புள்ளியோடு நீட்டிப் படுத்திருக்கிறது! வால் ஆடுகிறது! பக்கத்தில் சின்னதாக ஒரு குட்டி! (வாயில் இருந்த நுரையை விழுங்கிவிட்டேன். புதினா வாசனைப் பேஸ்ட்.) அவசர அவசரமாக ஒரு ஃபோட்டோ எடுத்தேன். பாத்ரூம் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, எங்கள் பேட்டைத் தமிழர் வாட்ஸப் குழுவில் அந்த ஃபோட்டோவையும் போட்டு, பேசியும் அனுப்பினேன்.

அந்தக் குழுவில் யாரும் எழுத மாட்டோம். பாதிக் குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறையாக இங்கேயே இருப்பவை. அவர்களுக்குத் தமிழ் காதால் கேட்டால் புரியும், எழுத்தில் பார்த்தால் ஜிலேபி. அதனால் எதுவானாலும் பேசித்தான் அனுப்புவோம். நான் பேசியது இது:

"எல்லாரும் கேட்டுக்கங்க! நம்ம பின்பக்கச் சுவத்து மேல சிறுத்தை! என்ற ரெண்டு கண்ணால பார்த்தேனுங்க! வாலை ஆட்டுது, குட்டி வேற போட்டிருக்குது, என்னைய மொறைச்சுப் பார்க்குது! யாரும் கதவைத் தொறக்காதீங்க!"

பத்து நிமிஷம் கழித்து மறுபடி எட்டிப் பார்த்தால் சுவர் காலி. ஆனால் என் குரல் அதற்குள் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டது. மத்தியானத்துக்குள் ஒரு உள்ளூர் டிவி வண்டி வந்தது. வனத்துறை ஆட்கள் வந்து தேடிவிட்டு, ஒரு கால்தடம்கூட இல்லை என்று தலையைச் சொறிந்துகொண்டு போனார்கள். மூன்று நாள் ஒருத்தரும் நடைப்பயிற்சிக்கு இறங்கவில்லை. எனக்கு வெளியே பயம், உள்ளுக்குள் சொல்ல முடியாத பெருமை. இந்த ஊரில் என் பேச்சை முதன்முதலாக யாரோ கேட்டிருக்கிறார்கள்!

அந்தப் பெருமைதான் என் கண்ணை மறைத்தது. பிரின்ஸிபல் மேடம் வரும் வகுப்புக்கு எந்தச் செய்தியை எடுக்கலாம் என்று யோசித்தபோது, வேறு செய்தியே இல்லாத மாதிரி என் சிறுத்தையையே எடுத்தேன். (கொழுப்பு. வேறென்ன?)

வகுப்பை நாலு குழுவாகப் பிரித்தேன். பத்திரிகை, டிவி, எஃப்.எம். ரேடியோ, வாட்ஸப். யார் பார்த்தது, எத்தனை சிறுத்தை, என்ன ஆதாரம் என்று கரும்பலகையில் நாலு கட்டம் போட்டு நிரப்ப வேண்டும். பிரின்ஸிபல் மேடம் கடைசி பெஞ்சில் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

ஆரம்பம் அமோகம். பத்திரிகையில் நாலே வரி: 'சிறுத்தை போன்ற விலங்கைக் கண்டதாகக் குடியிருப்புவாசி ஒருவர் கூறினார்.' டிவியில் மூன்று சிறுத்தை, சிவப்பு வட்டம், பின்னால் உடுக்கைச் சத்தம். ரேடியோவில் 'அந்தப் பக்கம் பார்த்துப் போங்க மக்களே' என்று ஒரு வரி, உடனே பாட்டு. பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு பதில் சொன்னார்கள். மேடம் தலையாட்டி ஏதோ எழுதினார். ஆஹா, லிஃப்டே, உனக்கும் எனக்கும் இனி ஒட்டுமில்லை உறவுமில்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வாட்ஸப் குழுவின் தலைவி ஷர்வரி எழுந்தாள். எதையும் ஆணிவேர் வரை தோண்டுகிற பெண். "மிஸ், எனக்கு வந்ததை யார் அனுப்பினாங்க, அவங்களுக்கு யார் அனுப்பினாங்கன்னு கேட்டுக்கிட்டே பின்னாடி போனேன். ஏழு பேர் தாண்டினதும் இதுதான் முதல் மெசேஜ். ஏதோ சவுத் பாஷை" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு ஸ்மார்ட் போர்டில் போட்டுவிட்டாள்.

வகுப்பறை அதிர என் குரல். 'என்ற ரெண்டு கண்ணால பார்த்தேனுங்க!'

நல்லவேளை, பாத்ரூம் எதிரொலியில் குரல் கொஞ்சம் பேய் மாதிரி இருந்தது. பிரின்ஸிபல் மேடம் நிமிர்ந்தார். "இது தமிழ்தானே? உங்களுக்குப் புரியுமே. என்ன சொல்கிறாள் இந்த அம்மா?"

அந்த நொடியில் என் புத்தி எங்கே மேயப் போயிருந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. இந்த வகுப்பில் தமிழ் யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில், முகத்தை அமைதியாக வைத்துக்கொண்டு இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன்: "ஏதோ ஒரு விலங்கு மாதிரி தெரிகிறது, உறுதியாகச் சொல்ல முடியவில்லை, பதற்றப்பட வேண்டாம் என்கிறார், மேடம்."

மூன்றாவது பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. ஜெனிஃபர். கண்டோன்மென்ட் பக்கம் பல வருஷமாக வேரூன்றிய தமிழ்க் குடும்பம். நான் எத்தனையோ முறை தமிழில் பேச்சுக் கொடுத்தும் 'யெஸ் மிஸ்' தவிர ஒரு வார்த்தை பேசாத பிள்ளை.

"மிஸ், அந்த அம்மா அப்டி நஹி போலா" என்று, 'அப்படிச் சொல்லவில்லை' என்பதைப் பாதி ஹிந்தியில் சொன்னாள். "என்ற ரெண்டு கண்ணு, அப்டி சொன்னாங்க. குட்டி பி ஹை, குட்டியும் இருக்குது, சொன்னாங்க. மொறைச்சு பார்த்துச்சு, அதுவும் சொன்னாங்க."

(அடிப்பாவி! ஒரு வருஷம் வாயைத் திறக்காதவளுக்குத் தமிழ் அன்றைக்குத்தானா வர வேண்டும்?)

அதோடு விட்டாளா? தலையைச் சாய்த்து யோசித்து, "மிஸ்... அது உங்க ஆவாஜ், உங்க குரல்தானே?" என்றாள்.

ஷர்வரி மெதுவாக எழுந்து போனாள். கரும்பலகையில் நாலு கட்டத்துக்குப் பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு கட்டம் போட்டாள். மேலே 'மிஸ்' என்று எழுதினாள். எத்தனை சிறுத்தை என்ற இடத்தில் 'உறுதியாகச் சொல்ல முடியவில்லை' என்று நிரப்பினாள்.

சரணடைந்திருக்கலாம். எங்கே? "ஆமாம், நான்தான். உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று மாற்றிச் சொன்னேன். ஆனால் பார்த்தது சத்தியம். நான் எடுத்த ஃபோட்டோவே இருக்கிறது. டிவியில் வட்டம் போட்டுக் காட்டியது அதைத்தான்!" என்று வீறாப்பாகச் சொல்லி, நானே அதை ஸ்மார்ட் போர்டில் போட்டேன். கையகல ஃபோனில் மங்கலாகத் தெரிந்தது இப்போது சுவரளவுக்கு விரிந்தது.

ஷர்வரி அதை இன்னும் பெரிதாக்கினாள். "மிஸ், சிறுத்தைக்கு கிளிப் மாட்டியிருக்கு."

முதுகில் வரிசையாக, சுவர்மேல் ஓடும் கம்பியோடு சேர்த்து, துணி மாட்டும் கிளிப்புகள். மூன்று நீலம், ஒன்று ரோஸ். குட்டிக்கு ஒன்று, அதுவும் நீலம்.

அந்த ரோஸ் கிளிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். நீல செட்டில் ஒன்று உடைந்ததற்காக நானே வாங்கிச் சேர்த்தது. அது தெரிந்ததும் மற்றதும் தெரிந்துவிட்டது. வந்த முதல் குளிர்காலத்தில் என் வீட்டுக்காரர் ரோட்டோரத்தில் ஆசையாக வாங்கி வந்த சிறுத்தைப்புள்ளிக் கம்பளிப் போர்வை. கூடவே அதே துணியில் ஒரு தலையணை உறை. 'கண்றாவி' என்று நான் பரணில் தூக்கிப் போட்டது. வால் என்று நான் நினைத்தது, ஓரத்தில் பிரிந்து தொங்கிய பட்டை.

போர்டை அணைத்திருக்கலாம். முப்பத்தெட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "இது சிறுத்தை இல்லை, போர்வை" என்றேன். "என்னோட போர்வை."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிரின்ஸிபல் மேடம் சிரிக்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்க, அந்தக் கருமத்தைச் சுவத்து மேல எதுக்குங்க போட்டீங்க?"

"பரண்ல கெடந்து நாறுதுன்னு தொவைச்சேன். நீதானே சுகந்தி, நம்ம பால்கனியில காயப்போட்டா பார்க்கறவங்க சிரிப்பாங்கன்னு சொன்னே? அதான் ராத்திரியே பின்னாடி போட்டேன். காலையில எடுத்துட்டேனே."

"டிவிக்காரன் வந்தானே, அப்பவாவது சொல்லக் கூடாதுங்களா?"

"டிவியே வந்ததுக்கப்புறம் எப்படிச் சொல்றது? நீ வேற அன்னைக்கு அவ்வளவு சந்தோசமா இருந்தே."

அதைக் கேட்டதும் திட்டுவதை விட்டுவிட்டு அழுதேன். அவர் சண்டைக்கு வந்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது.

மறுநாள் பிரின்ஸிபல் மேடம் கூப்பிட்டு நோட்டைத் திருப்பிக் காட்டினார். இரண்டே வரி. 'ஒப்பிடக் கற்றுக்கொடுத்த விதம்: மிக நன்று. செய்தியின் மூலம்: சிறிதும் நம்பத்தக்கதல்ல.'

"மொழிபெயர்ப்பில் பொய் சொன்னீர்கள். அது தப்பு" என்றார். "போர்வை உங்களுடையது என்று சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. அதைச் சொன்னீர்கள். அந்தப் பிள்ளைகள் இனி வாழ்நாளில் ஒரு ஃபார்வர்டை நம்ப மாட்டார்கள். வேலை நிரந்தரம். ஒரே ஒரு நிபந்தனை. வருஷா வருஷம் எல்லாப் பிரிவுக்கும் இதே பாடத்தை நீங்கள்தான் எடுக்க வேண்டும். போர்வையோடு."

ஆகவே ஒவ்வொரு வருஷமும் அந்தக் கண்றாவியைச் சுமந்துகொண்டு போகிறேன். பிள்ளைகள் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறார்கள். சாட்சி நான்.

அன்றைக்கு மேடத்தின் அறையிலிருந்து வெளியே வந்ததுமே வீட்டுக்காரருக்கு ஃபோன் போட்டு, "வேலை நிரந்தரமாயிருச்சுங்க!" என்று கத்தினேன். அவர் கேட்டார்: "உன்ற ரெண்டு கண்ணால பார்த்தியா?"

இன்றுவரை எங்கள் வீட்டில் நான் கொண்டுவரும் எந்தச் செய்திக்கும் இதே மரியாதைதான். கேஸ் தீர்ந்துவிட்டது என்றால், "வாலை ஆட்டுச்சாம்மா?" என்கிறாள் மகள். போன மழைக்காலத்தில் பாத்ரூமுக்குள் நிஜமாகவே ஒரு சாரைப்பாம்பு வந்தது. ஆறடி இருக்கும். (சரி, நாலடி.) நான் அலறின அலறலுக்கு ஹாலில் இருந்து இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "கிளிப் இருக்குதான்னு பாரு!"

பாம்பு அது பாட்டுக்கு வந்த வழியே போய்விட்டது. ஃபோட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். பார்க்கத்தான் ஒருத்தரும் தயாரில்லை.