ஓடைக்கரை ஆப்பிளின் மூலம்

ஒரு காட்டில், மார்கழி வந்தால் மூக்கு நுனி விறைத்துப்போகும் மலைக்காட்டில், சடையம்மாள் என்ற கரடி இருந்தாள். ஓடைக்கரை ஆப்பிள் மரம் என்றால் அவளுக்கு உயிர். பழம் எலுமிச்சை அளவு, தோல் சொரசொரப்பு. கடித்தால் முதலில் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். பிறகு தேனாய் இனிக்கும்.

அந்த வருஷம் காட்டுச் சபை ஓர் ஆணை போட்டது. வெளியூர் ஆப்பிள் நடப்போகிறார்களாம். பழமெல்லாம் ஒரே அளவாம், தோலின் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாமாம். பாரம்பரிய ரகம் என்று சான்றிதழ் உள்ள மரம் தப்பும். மற்றதெல்லாம் வெள்ளிக்கிழமை வெட்டு.

சடையம்மாள் விழுந்தடித்து ஓடி வரிசையில் நின்றாள். சான்றிதழ் எழுதுபவர் முள்ளம்பன்றி ஈட்டிமுத்து. முதுகிலிருந்தே பேனாவை உருவி எழுதுவார், முடித்ததும் அங்கேயே செருகிக்கொள்வார். படிவத்தில் ஒரே கேள்வி: மூலம் உண்டா? வைத்தியர் கேட்கவேண்டிய கேள்வி என்று நினைத்துச் சிலர் கோபமாகத் திரும்பிப்போனார்கள்.

சடையம்மாளுக்கு மரத்தின் மூலம் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை. மலை உச்சி பங்களாத் தோட்டத்தில் அவள் அப்பா ஒருநாள் வயிறு முட்ட ஆப்பிள் தின்றார். மறுநாள் காலை ஓடைக்கரையில் உட்கார்ந்தார். எழுந்து போனார். பனிக்காலம் முடிந்ததும் அங்கே ஒரு கன்று நின்றது.

பின்னால் நாற்பது பேர் நிற்க, இதை எப்படிச் சொல்வது? ஒரு முனிவர் தேவலோகத்திலிருந்து கொண்டுவந்து நட்டதாகச் சொன்னாள். ஈட்டிமுத்து தலை நிமிரவில்லை. காலையிலிருந்து பதினோரு முனிவர்கள் வந்தாயிற்று என்றார். பொய் சொன்னால் மரம் இன்றைக்கே விழும் என்றார்.

அதைக் கேட்டதும் சடையம்மாளுக்கு வெட்கம் போன இடம் தெரியவில்லை.

"ஐயா, எங்கப்பா தின்னாரு. காலையில போய் உட்கார்ந்தாரு. அதுல முளைச்சது," என்றாள்.

வரிசை முழுக்கச் சிரித்து உருண்டது. மான் முகத்தைத் திருப்பிக்கொண்டது. சேற்றிலேயே குடியிருக்கும் காட்டுப்பன்றிகூட மூக்கைப் பொத்திக்கொண்டது.

ஈட்டிமுத்து மட்டும் சிரிக்கவில்லை. "முப்பது வருஷ சர்வீஸ்ல இன்னிக்குத்தாம்மா ஒரு நிஜமான மூலத்தைக் கேட்டேன்," என்று பேனாவை உருவினார். விதையில் முளைக்கும் ஆப்பிள் தாயைப் போல இருக்காது, அதனால் இந்த ருசிக்கு உலகத்திலேயே இது ஒன்றுதான் மரம் என்று வரிசைக்கே கேட்கும்படி விளக்கினார். ஒட்டுக்கட்டப் பத்துக் குச்சி வெட்டித் தரச் சொன்னார். 'ஓடைக்கரை ஒற்றை' என்று பெயர் எழுதி முத்திரையைக் குத்தினார்.

மரம் தப்பியது. அதற்கு மாலை போட்டு, மேளம் கொட்டி, பலகையும் நட்டார்கள்.

மறுநாள் அலுவலக வாசலில் தொடங்கிய வரிசை ஓடை வரை நீண்டது. எல்லார் கையிலும் ஒரே மனு. அன்று காலை அங்கே உட்கார்ந்தது தன் அப்பாதான் என்று மான் சத்தியம் செய்தது. காட்டுப்பன்றி இரண்டு சாட்சிகளோடு வந்தது. அப்பா யாரென்றே தெரியாத குயிலும் ஒரு மனு எழுதிக் கொண்டுவந்திருந்தது.

நீதி: ரிஷிமூலம், நதிமூலம் பார்க்காதே. ஆப்பிள் மூலம் பார்த்தே ஆகவேண்டுமென்றால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று முதலில் பார்த்துக்கொள்.